நாற்பது நிமிடம்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் எனக்கு ஜன்னல் இல்லை.
புன்டா அரேனாஸின் காற்று
குழாய்களுக்குள் முனகலாக மட்டும் வந்து சேரும்.
மேலே யார் படுத்திருக்கிறார்கள் என்பதைத்
தட்டுகள்தான் சொல்லும்:
சுத்தியல் வந்தால் இடுப்பெலும்பு,
அகன்ற கரண்டிகள் வந்தால் பிரசவம்,
மெலிந்த நீளத் தட்டு வந்தால் குடல்.

மெலிவென்றால் அப்படி ஒரு மெலிவு.
மூன்று மில்லிமீட்டர்.
ஸ்வெட்டர் பின்னும் ஊசியைவிட ஒல்லியான தண்டு,
அதன் நுனியில் ஒரு வாய்,
வாய்க்குள் பற்கள்.
குளித்து வந்த குழந்தையின் காதைப் பார்ப்பதுபோல
ஒவ்வொன்றையும் லென்ஸின் கீழ் திறந்து பார்க்கிறேன்,
பதினோரு வருடமாக.
முகம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

அன்று செவ்வாய். பலகையில் எழுதியிருந்தது:
மூன்றாம் அறை, எட்டு மணி, பெருங்குடல், வலப்பக்கம்.
கார்கமோ, உலிசெஸ்.

என் மேல்வீட்டுக்காரன்.
நண்டுப் படகில் எஞ்சின் பார்ப்பவன்.
அவன் நாய் குரைத்துக் குரைத்தே
நாலு வருடத் தூக்கத்தைத் தின்றிருக்கிறது.
புகார் எழுதினேன். கிழித்துப் படியில் போட்டான்.
அதோடு பேச்சு நின்றது.
இரண்டு இரவாக அந்த நாய் குரைக்கவில்லை,
ஊளையிட்டது.
ஏனென்று இப்போது தெரிந்தது.

கொக்கியை எடுத்தேன்.
கறுப்பு உறை போர்த்திய தண்டு.
உள்ளே மின்சாரம் ஓடும், நுனியில் மட்டும் சுடும்.
மெல்ல உருட்டினேன்.
உறையில் ஒரு முடிக்கீறல்.
முடிகூட இல்லை, முடியின் நிழல்.
அந்த வழியே கசிந்தால்
காமிரா பார்க்காத பக்கத்தில் குடல் கருகும்.
எல்லோரும் கைகழுவி வீட்டுக்குப் போனபின்
மூன்றாம் நாள்தான் வயிறு சொல்லும்.

தட்டை ஒதுக்கினேன்.
மாற்றுத் தட்டு நீராவிக்குள் போயிற்று.
மேலிருந்து போன். டாக்டர் ம்லாடினிச்.
"எடுவினா, ஆள் தயார். இன்னும் எவ்வளவு நேரம்?"
"நாற்பது நிமிடம்."
"போன வாரம் அதே கொக்கியில்தானே செய்தேன்?"
"போன வாரம் போன வாரம், டாக்டர்."
வைத்துவிட்டார்.

இயந்திரத்தின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவனுக்காகச் செய்தேன் என்று சொல்லமாட்டேன்.
யார் பெயர் இருந்தாலும் ஒதுக்கியிருப்பேன்.
ஆனால் அவன் பெயர் இருந்ததால்
இரண்டு முறை பார்த்தேன்.
பகை இருக்கிற இடத்தில் கை தவறினால்
அது தவறென்று யார் நம்புவார்கள்?
நானே நம்பமாட்டேன்.

ஒரு மணிக்குக் கருவிகள் திரும்பி வந்தன.
வெதுவெதுப்பான நீரில் கழற்றிப் போட்டேன்.
இளஞ்சிவப்பாய் ஒரு நூல் பிரிந்து கரைந்தது.
நாலு வருடத்தில் அவனிடமிருந்து வந்த
முதல் சேதி.
கழுவிவிட்டேன்.

ஐந்தாம் நாள் படிக்கட்டில் எதிர்ப்பட்டான்,
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, சற்றே வெளுத்து.
வலி வந்தால் வெட்கமும் பகையும் போய்விடும்போல,
சட்டையைத் தூக்கியே காட்டினான்:
பேனா முனை தொட்டதுபோல மூன்று புள்ளி,
தொப்புளில் மட்டும் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கோடு.
வெட்டியது எங்காவது வெளியே வரவேண்டுமே.
"ஒரு சாண் குடலை இதன் வழியே எடுத்தார்களாம்,
நம்புவீர்களா, சென்யோரா?"
நம்பினேன்.
"ஆனால் பாருங்கள், அந்தக் குளிரில்
நாற்பது நிமிடம் கிடத்திவிட்டார்கள்.
கீழே எவளோ ஒரு சோம்பேறி
சாமானைத் தயார் செய்யவில்லையாம்."

பால் பாக்கெட்டை மறுகைக்கு மாற்றிக்கொண்டேன்.
"ஆஸ்பத்திரி என்றால் அப்படித்தான்" என்றேன்.

அன்றிரவு நாய் குரைத்தது.
வழக்கம்போலத் துடைப்பக் கட்டையை எடுத்து
உட்கூரையை இடிக்கப் போனவள்
பாதியில் இறக்கினேன்.
தையல் போட்ட வயிறு.
திடுக்கிட்டு எழுந்தால் வலிக்கும்.